லிரோகோனைட்: நீலக் கல்லும் நாடிழந்த கோமானும்

லிரோகோனைட். இந்தப் பேரை ஒருதரம் சத்தமா சொல்லிப் பாருங்க. ஏதோ ஜுர மாத்திரை பேரு மாதிரி இருக்கில்ல? :-) எனக்கும் முதல்ல அப்படித்தான் பட்டது. கல் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும், இது ஒரு தாதுவோட பேர் என்று. ஆகாய நீலத்துக்கும் களிம்புப் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம். சின்னச் சின்னதா, ஓரம் மழுங்கின எண்முகிப் படிகங்கள், பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான். ஒரு சென்டிமீட்டர் வந்துவிட்டால் அது அருங்காட்சியகச் சரக்கு. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மிருது என்பதால் மோதிரத்தில் பதிக்க முடியாது. விற்றுக் காசாக்கும் உலோகத் தாதுவாகவும் இது பெரிதாக எண்ணப்பட்டதில்லை. ஆனாலும் இதற்குப் பின்னால் ஒரு இருநூறு வருஷக் கதை இருக்கிறது. கல்லைவிட அந்தக் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, ஒரு பத்தியோட முடிச்சிடுறேன். தாமிரம், அலுமினியம், ஆர்சனிக், ஆக்சிஜன், அப்புறம் நிறையத் தண்ணீர். எடையில் ஏறக்குறைய 29 சதவீதம் தாமிரம், 17 சதவீதம் ஆர்சனிக், கால் பங்கு தண்ணீர். ஆர்சனிக் என்றால் நம்ம ஊர் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை என்று சொல்வார்களே, அந்தக் குடும்பம்தான். பூமிக்கு ஆழத்தில் தாமிரமும் ஆர்சனிக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கிடக்கும். மேலேயிருந்து மழைத் தண்ணீரும் காற்றும் இறங்கும்போது அந்தக் கூட்டணி உடையும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளியைக் கரைத்து வைத்தால் பச்சையாகக் களிம்பு பூக்கிறதே, அந்த மாதிரி ஒரு சமாசாரம், ஆனால் ஆயிரக்கணக்கான வருஷமாக மெள்ள மெள்ள நடப்பது. இப்படி இரண்டாம் கையாக உண்டாகிற கற்களைத்தான் இரண்டாம்நிலைத் தாதுக்கள் என்கிறார்கள். தாமிர ஆர்சனேட்டுகள் பல உண்டு. இதில் அலுமினியமும் சரியான நேரத்தில், சரியான அளவில் வந்து கலக்க வேண்டும். அதனால்தான் இது அபூர்வம். உலகத்தில் வேறு சில இடங்களில் துளித்துளியாகக் கிடைத்திருக்கிறது. கண்ணுக்கு நிறைவாகக் கிடைத்தது என்று சொன்னால் ஒரே ஒரு இடம்தான்.

அந்த இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். அங்கே க்வென்னப் வட்டாரத்தில் செயின்ட் டே என்று ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டி வீல் கோர்லாண்ட் என்று ஒரு சுரங்கம். 'வீல்' என்றவுடன் சக்கரம் என்று நினைக்காதீங்க. கார்னிஷ் மொழியில் அதற்கு வேலை நடக்கிற இடம், சுரங்கம் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் தாமிரச் சுரங்கம். பழைய உலகத்திலேயே பணம் கொழித்த ஒரு சதுர மைல் என்று க்வென்னப்பைச் சொல்வார்கள். வெட்டிய தாதுவை உருக்க அங்கே நிலக்கரி இல்லை. கப்பலேற்றி வேல்ஸில் இருக்கும் ஸ்வான்சீக்கு அனுப்புவார்கள். தாதுவை இறக்கிவிட்டுத் திரும்புகிற கப்பலில், சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி வரும். போக ஒரு சரக்கு, வர ஒரு சரக்கு. கெட்டிக்கார ஏற்பாடு.

இந்தக் கோர்லாண்டில், 1790களை ஒட்டி, மேல்மட்டத்துத் தாமிரப் படுகைகளில் நீலமும் பச்சையுமாகப் படிகங்கள் தலைகாட்டின. லிரோகோனைட் மட்டும் இல்லை. ஆலிவ் பச்சையில் ஆலிவெனைட், கருநீலத்தில் கிளைனோகிளேஸ், மைக்கா மாதிரி ஏடு ஏடாகப் பிரியும் சால்கோஃபில்லைட். மொத்தக் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழ். கல் சேர்க்கிற பெரிய மனுஷர்களுக்கு விஷயம் காதில் விழுந்தது. மெனாபில்லி ஊர் ஜமீன் மாதிரி இருந்த ஃபிலிப் ராஷ்லி, சுரங்க முதலாளிகளான வில்லியம்ஸ் குடும்பம், லண்டனில் சார்ல்ஸ் க்ரெவில் என்று ஆளாளுக்குச் சேர்த்தார்கள்.

இப்போ நம்ம கோமான் வருகிறார். ழாக் லூயி, கோம்த் த பூர்னோன். 1751ல் பிரான்சில் மெட்ஸ் நகரத்தில் பிறந்தவர், பீரங்கிப்படை அதிகாரி, ராஜவிசுவாசி. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் சொத்து சுகத்தை எல்லாம் விட்டுட்டு ஓடி வந்து இங்கிலாந்தில் ஒதுங்கினார். கையில் மிச்சம் இருந்தது கல் பற்றிய படிப்பு ஒன்றுதான். பணக்காரர்களின் கல் சேகரிப்புக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்து பிழைத்தார். ஒரு கோமான் இன்னொருத்தன் வீட்டு அலமாரிக்குக் கணக்குப்பிள்ளை ஆன கதை. ஆனா மனுஷன் அந்தக் கணக்குப்பிள்ளை வேலையையே விஞ்ஞானமாக ஆக்கிவிட்டார்.

1801ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. முதலாவது பூர்னோனுடையது: கார்ன்வாலின் தாமிர, இரும்பு ஆர்சனேட்டுகளைப் படிக வடிவத்தை வைத்துப் பிரித்து விவரிக்கிறார். அடுத்தது ரிச்சர்ட் செனெவிக்ஸ் என்ற அயர்லாந்துக்காரருடையது: அதே கற்களை அமிலத்தில் கரைத்துப் பகுத்துப் பார்க்கிறார். ஒருத்தர் கண்ணால் பார்த்தார், ஒருத்தர் கரைத்துப் பார்த்தார். நம்ம நீலக் கல்லை பூர்னோன் தனி இனம் என்று அடையாளம் காட்டினார். செனெவிக்ஸ் கணக்கில் தாமிரம், ஆர்சனிக், தண்ணீர் எல்லாம் வந்தது, அலுமினியத்தின் சுவடே இல்லை. அது பின்னால் வந்தவர்களின் கையில்தான் சிக்கியது. அலுமினியம் உலோகமாகப் பிரித்தெடுக்கப்பட்டதே 1825ல்தான் என்பதால் அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரலை. வடிவத்தை மட்டும் பார்த்துச் சொன்ன பூர்னோன் பேச்சுதான் கடைசியில் நின்றது என்பது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

செனெவிக்ஸ் பற்றி ஒரு கொசுறு. 1803ல் லண்டனில் ஒரு கடையில் 'பல்லேடியம்' என்று ஒரு புது உலோகம் விற்பனைக்கு வந்தது, கண்டுபிடித்தவர் பேர் இல்லாமல். இதென்ன ஏமாத்து வேலை என்று இவர் இருந்த சரக்கை எல்லாம் வாங்கிப் பரிசோதித்து, இது பிளாட்டினமும் பாதரசமும் சேர்ந்த கலவை என்று அறிவித்தார். அந்த வருஷம் அவருக்கு காப்லி பதக்கமும் கொடுத்தார்கள். 1805ல் வில்லியம் வொலாஸ்டன் 'அதைக் கண்டுபிடிச்சது நான்தான், அது தனிமம்தான்' என்று வெளியே வந்தார். பாவம் செனெவிக்ஸ்.

நமக்கும் இந்த ஜோடிக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1802ல், அதாவது அடுத்த வருஷமே, இதே இரண்டு பேரும் இதே இதழில் எழுதிய விஷயம் கொரண்டம். கொரண்டம் என்ற பேரே நம்ம 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லில் இருந்து போனதுதான். மாணிக்கமும் நீலமும் அந்தக் கல்லின் வகைகள். க்ரெவிலுக்கு அந்தக் கற்கள் அப்போது கர்நாடிக் என்று சொன்ன நம்ம பக்கத்திலிருந்தும் போயிருந்தன. அந்தக் குருந்தத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்த பாறையைக்கூட பூர்னோன் விடவில்லை, அதிலிருந்து ஒரு நார்த் தாதுவைப் பிரித்து ஃபைப்ரோலைட் என்று பேர் வைத்தார். கார்ன்வால் நீலக் கல்லும் நம்ம ஊர் குருந்தமும் ஒரே மனுஷனின் மேசையில் ஒரு வருஷ இடைவெளியில் இருந்திருக்கின்றன!

பூர்னோன் மன்னராட்சி திரும்பியதும் பிரான்சுக்குப் போய், பதினெட்டாம் லூயியின் கல் சேகரிப்புக்குப் பொறுப்பாளர் ஆனார். 1825ல் இறந்தார். அதே 1825ல்தான் ஹைடிங்கர் அந்த நீலக் கல்லுக்கு லிரோகோனைட் என்று பேர் வைத்தார். வெளிறிய பொடி என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்கள். இவ்வளவு அழகான கல்லுக்கு, அதைத் தேய்த்தால் வரும் பொடியை வைத்துப் பேர் வைப்பார்களா? என்ன ரசனையோ! பூர்னோனுக்கு பூர்னோனைட் என்று வேறொரு கார்ன்வால் கல்லில் பேர் நின்றது. செனெவிக்ஸுக்கும் 1866ல் செனெவிக்ஸைட் கிடைத்தது, அதுவும் கோர்லாண்டில் கண்ட தாமிர ஆர்சனேட்தான்.

வெட்டி எடுத்தவனுக்கு? அவன் பேரில் ஒரு கல்லும் இல்லை. அங்கே ஏல முறையில் வேலை. பாறையின் ஒரு துண்டை நாலைந்து பேர் சேர்ந்து ஏலத்தில் எடுப்பார்கள். வரும் தாதுவின் மதிப்பில் ஒரு பங்கு கூலி. தாது நல்லா இருந்தால் கொண்டாட்டம், இல்லைன்னா கடன். தொப்பியில் களிமண்ணை வைத்து அதில் கொழுப்பு மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு ஏணி ஏணியாக இறங்க வேண்டும், வேலை முடிந்ததும் அத்தனை ஏணியும் ஏற வேண்டும். ஆளைத் தூக்கிவிடும் பொறி கார்ன்வாலில் முதன்முதலாக வந்ததே 1842ல், அதே க்வென்னப்பில் ட்ரெசவேன் சுரங்கத்தில். அந்த மெழுகுவத்தி மஞ்சளில் நீலம் சரியாகத் தெரிந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மேலே வந்த பாறையைச் சுத்தியலால் உடைத்தது பெண்கள். 'பால் மெய்டன்' என்பார்கள். பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளும் அதில் உண்டு. நல்ல படிகம் கண்ணில் பட்டால் எடுத்து வைத்து விற்றார்கள், வீட்டுக்கு நாலு காசு. கண்ணில் படாதது சுத்தியலுக்கும் உலைக்கும் போயிற்று. லிரோகோனைட் மேல்மட்டத்துச் சரக்கு என்பதால் சுரங்கக்காரன் முதலில் வெட்டிக் காலிபண்ணுவதும் அந்தப் பகுதியைத்தான். ஆக இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் ஒவ்வொரு நல்ல கல்லும், யாரோ ஒரு பேரில்லாத கை ஒரு கணம் நின்று எடுத்து வைத்ததால் இருப்பது.

ஆர்சனிக் விஷயம் இன்னும் கொடுமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தாமிரத்தைவிட ஆர்சனிக்கே காசு என்று ஆனது. தாதுவை வறுத்து, புகையை வளைந்து வளைந்து போகும் கல் அறைகளில் செலுத்தினால் சுவரில் வெள்ளையாகப் படியும். அதை ஆள் உள்ளே போய்ச் சுரண்ட வேண்டும். பாதுகாப்பு என்ன தெரியுமா? மூக்கில் பஞ்சு, வாயைச் சுற்றித் துணி, தோலில் களிமண் பூச்சு. அவ்வளவுதான். பக்கத்து டெவன் மாவட்டத்தின் டெவன் க்ரேட் கன்சோல்ஸ் இதில் ராஜா. அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராகச் சில காலம் இருந்தவர் யார் தெரியுமா? வில்லியம் மோரிஸ், சுவர்த்தாள் ஓவியங்களுக்குப் பேர்போனவர், பின்னால் சோஷலிஸ்ட். அவருடைய ஆரம்பகாலச் சுவர்த்தாளின் பச்சையிலும் தாமிர ஆர்சனிக் சாயம் இருந்தது. பூமி தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் கலந்து லிரோகோனைட் பண்ணியது. 1775ல் ஷீலே என்ற வேதியியலாளர் அதே இரண்டையும் கலந்து பச்சைச் சாயம் பண்ணினார். அது சுவரிலும் துணியிலும் ஏறியது.

1866ல் தாமிர விலை படுத்தது. க்வென்னப் காலியானது. கார்ன்வால் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, மெக்சிகோ, அப்புறம் நம்ம கோலார். ஆமாங்க, கோலார் தங்கவயல்தான். 1819ல் க்வென்னப்பில் கன்சாலிடேட்டட் சுரங்கங்களைத் திரும்ப ஓடவைத்த ஜான் டெய்லரின் குடும்பக் கம்பெனிதான் 1880 வாக்கில் கோலாருக்கு வந்து தங்கவயலை எடுத்து நடத்தியது. மேஸ்திரிகளாகவும் கேப்டன்களாகவும் கார்ன்வால்காரர்கள். கீழே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். 2001ல் அதுவும் மூடப்பட்டது. க்வென்னப்பை 2006ல் யுனெஸ்கோ, உலகப் பாரம்பரியச் சின்னமான கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பில் சேர்த்தது. தங்கவயலில் சயனைடு மண்மேடுதான் மிச்சம். ஒப்பிட்டால் வயித்தெரிச்சல்தான், விடுங்க.

சரி, கல்லுக்கு வருவோம். வீல் கோர்லாண்ட் மூடி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி அங்கே என்ன புதுசு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். லிரோகோனைட் நீலமாக இருக்கும், சிலசமயம் பச்சையாகவும் இருக்கும் என்று புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவில் மைக் ரம்சியும் கூட்டாளிகளும் அந்தப் பச்சை ஏன் பச்சை என்று பார்க்கப் போனார்கள். பச்சைப் படிகத்தில் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு உட்கார்ந்திருந்தது. அலுமினியத்தைவிட இரும்பு மிகுந்தால் அது வேறு தாது, அதுதான் இலக்கணம். 2020 டிசம்பரில் புதுத் தாது என்று அறிவித்தார்கள். பேர் கெர்னோவைட். கெர்னோ என்றால் கார்னிஷ் மொழியில் கார்ன்வால். வெட்டி எடுத்து ஏறக்குறைய 220 வருஷம் ஆன கல் அது.

அதுக்கப்புறம் ஒரு சங்கடம். உலகம் முழுக்க அலமாரிகளில் 'லிரோகோனைட், வீல் கோர்லாண்ட்' என்று சீட்டு ஒட்டிய பச்சைக் கற்கள் இருக்கின்றன. எது எது என்று கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது, ஏன்னா இரும்பும் அலுமினியமும் எந்த விகிதத்திலும் கலந்து வரலாம். ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் உண்டு. ட்ரூரோ நகர அருங்காட்சியகத்தில் ராஷ்லியின் சேகரிப்பு இருக்கிறது. பதிவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் நீலத்தையும் பச்சையையும் நல்லாப் பார்த்துட்டு வந்து ஒரு பதிவு போடுங்க, புண்ணியமாப் போகும்.