சமன்குறியும் இருப்பும்: பிற துறைப் பட்டதாரியின் முதல் நிரல்

கணினியியல் படிக்காத பட்டதாரி நிரலெழுதக் கற்கும்போது எங்கே இடறுகிறார்? கணிதம் போதவில்லை, ஆங்கிலம் போதவில்லை என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் விடை. என் வாதம் வேறு. ஒவ்வொரு வரியிலும் கணினி என்ன செய்கிறது என்ற மனச்சித்திரத்தை அவருக்கு யாரும் தரவில்லை.

வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் நான்கு வரிகள் எழுதினேன்: அ = 5; ஆ = 7; அ = ஆ; ஆ = அ. இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? கணிதத்தில் முதுகலை முடித்த மாணவி தயங்காமல் 5 என்றார். இரண்டும் இடம் மாறிவிட்டன என்பது அவர் கணிப்பு. ஆனால் விடை 7. மூன்றாம் வரியிலேயே அந்த 5 அழிந்துபோயிற்று. வணிகவியல் படித்த மாணவர் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். "இருப்பு மாதிரிதானே சார்? இந்த வரிக்குப் பிறகு கையில என்ன இருக்குன்னு பார்த்தேன்" என்றார்.

அந்த மாணவிக்குக் குறுக்கே நின்றது அவருடைய கணித அறிவுதான். சமன்குறி என்றால் இரு பக்கமும் ஒன்று என்று பள்ளி முதல் பழகியவருக்கு க = க + 1 என்பது பொய்க் கூற்று. பைத்தான் நிரல்மொழியில் அது ஒரு கட்டளை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானிலேயே இந்த வழக்கம் உண்டு. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கியபோது, அறிவியல் படிக்காத மாணவர்களையும் மனத்தில் வைத்திருந்தார்கள். அதில் மதிப்பைத் தரும் வரி 'லெட்' என்ற சொல்லோடு தொடங்கும். படிக்கும்போதே அது ஏவல் என்று தெரிந்துவிடும். தமிழ்ப் பாடநூல்களின் 'மதிப்பிருத்தல்' என்ற சொல்லும் அப்படித்தான்: மதிப்பைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் இருத்துகிறோம். இந்த அருமையான சொல்லை விட்டுவிட்டு வகுப்பில் 'ஈக்வல் டு' என்றே உச்சரிக்கிறோம்.

இந்த இடறல் பிற துறையினருக்கு மட்டும் உரியதன்று. 2001இல் கணினிக் கல்வி ஆய்வாளர் மெக்ராக்கனின் குழு நான்கு பல்கலைக்கழகங்களில் நிரலாக்கத்தின் தொடக்கப் பாடங்களை முடித்த 216 மாணவர்களைச் சோதித்தது; 110 மதிப்பெண்ணுக்குக் கிடைத்த சராசரி 22.89. ரேமண்ட் லிஸ்டர் குழு 2004இல் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், சிறு நிரலின் ஓட்டத்தைத் தடம்பிடிப்பதிலேயே பலர் தடுமாறியது தெரியவந்தது. படிக்க வராதவரிடம் எழுது என்கிறோம்.

எழுத எழுதத்தான் வரும் என்று மறுப்பவர்கள் உண்டு. பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் தடம்பிடிக்கத் தெரியாதவர், பிழை வந்தால் கண்ட வரியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறார். நிரல் ஓடிவிட்டாலும் ஏன் ஓடியது என்று அவருக்குத் தெரிவதில்லை. மென்பொருள் வேலையில் சேர்ந்தபின் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் பிறர் எழுதிய நிரல். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் நிரல் எழுதித் தரும் இன்றைக்கு, அதைப் படித்துச் சரிபார்க்கும் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது.

பாடத்திட்டம் வகுப்போருக்கு என் வேண்டுகோள் இது. முதல் இரண்டு வாரம் விசைப்பலகையை ஒதுக்கிவையுங்கள். ஒரு தாளில் மாறிக்கு ஒரு பத்தி, வரிக்கு ஒரு வரிசை எனக் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இருப்பு என்ன என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள்.