பேண்தகைமை

'பேண்' என்னும் வினையடி காத்தல், போற்றுதல், விரும்புதல் ஆகிய அர்த்தங்களைத் தொன்றுதொட்டுத் தாங்கி வருவது. தகுதியைக் குறிக்கும் 'தகைமை' அதனோடு கூடப் பிறந்தது இச்சொல். இலங்கையில் 'பேண்தகு அபிவிருத்தி' என அரசாங்க வழக்கிலேயே இஃது ஊன்றிவிட, தமிழ்நாட்டில் 'நிலையான வளர்ச்சி', 'நீடித்த வளர்ச்சி' என்பனவே பெருவழக்காயின. நிலைத்தல் பொருளின் குணத்தை மட்டும் உணர்த்த, பேணுதல் மனிதனின் கடமையையும் உடன் உணர்த்துவதால், இலங்கை வழக்கே எனக்கு உவப்பானது.

கருத்தின் மூலமோ ஜெர்மானியருடையது. சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வேண்டிய மரம் அருகிவருவதைக் கண்டு மனம் வருந்தி, வளர்வதற்கு மிஞ்சி வெட்டலாகாது என்னும் நியதியை 1713-ல் வெளியிட்ட வனநூலில் வகுத்தார். 1987-ல் ஐ.நா.வின் புருண்ட்லாண்டு ஆணையம் அதனை வருங்காலச் சந்ததியாரின் தேவைகளோடு பிணைத்தது.

கட்டுமானப் பொறியியலில் இச்சொல் அளவையாகவும் மாறிற்று. பாலமோ அணையோ எத்தனை ஆண்டு நிற்கும் என்பதோடு அமையாமல், சிமெண்டுச் சூளை தொடங்கி இடிபாடு அகற்றும் நாள்வரை அது கொள்ளும் எரிபொருளையும், வெளிவிடும் கரியமில வாயுவையும், சுற்றியுள்ள மக்களின் வாழ்வில் விளைக்கும் மாற்றத்தையும் சீர்தூக்குவதற்காகப் பிரிட்டனில் 2003-ல் 'சீக்வல்', அமெரிக்காவில் 2012-ல் 'என்விஷன்' ஆகிய மதிப்பீட்டு முறைகள் தோன்றின. கரியமில வாயுவை டன் கணக்கில் எண்ணிவிடலாம். ஊர் இழந்தவரின் துயருக்கு அத்தகைய அலகு இல்லையாதலால், மதிப்பீட்டாளர் அதிக காலம் செலவிட வேண்டியது அந்தப் பகுதியில்தான்.