சிவகாசி லேபிளிலிருந்து யூடிஎஃப்-8 வரை

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அந்தத் தேவைதான் சிவகாசியில் அச்சுத்தொழிலை வளர்த்தது. பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி எல்லாம் பின்னால் வந்தவை.

அச்சகங்களுக்குக் கணினி வந்ததும் புதுச் சிக்கல் முளைத்தது. தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீடுகளில் இயங்கின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளே தெரிந்தன.

இணையத்திலும் அதே கதை. 1996இன் எச்டிடிபி 1.0 விதிகளில், அனுப்பும் தரவின் வகையையும் எழுத்துக் குறியீட்டையும் சர்வர் அறிவிக்க 'கன்டென்ட்-டைப்' என்ற வரி உண்டு. ஆனால் தமிழ்க் குறியீடுகளை உலாவிகள் அறியவில்லை.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு, எழுத்துருக்களுக்குப் பொதுவாக டாம், டாப் குறியீடுகளை முன்வைத்தது. 2010இல் தமிழக அரசு, உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யுனிகோடை ஏற்றது. யுனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8 பரவிய பின்பே சர்வரின் அந்த ஒற்றை வரி தமிழுக்குப் பயன்பட்டது. பழைய கோப்புகளுக்கோ இன்றும் குறியீடு மாற்றி தேவைப்படுகிறது.