பாரிஸ் ஜெயிலிலிருந்து ஒரு கடுதாசி

'உங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவோடு முடக்கப்படும், உடனே கீழே உள்ள சுட்டியை அழுத்தவும்'னு குறுஞ்செய்தி வந்தா, செல்போன் வந்தப்புறம்தான் ஊரே கெட்டுப்போச்சுன்னு பேசிக்கிறோம். இல்லை மக்களே, இந்தத் தொழிலுக்கு வயசு இருநூறுக்கு மேல.

பிரான்சில் விடோக்னு ஒருத்தர். பலமுறை ஜெயிலுக்குப் போய், தப்பிச்சு, கடைசியில் பாரிஸ் போலீசின் துப்பறியும் பிரிவுக்கே தலைவரான ஆசாமி (சினிமாவில் காட்டினா நம்ப மாட்டோம்). 1828-ல் வெளிவரத் தொடங்கிய தன் நினைவுக்குறிப்புகளில், பிசேத்ர் சிறையில் கைதிகள் செய்த ஒரு பிசினஸைப் பத்திச் சொல்றார். பேரு 'ஜெருசலேம் கடிதம்'.

கடிதம் இப்படிப் போகும். நான் ஒரு பிரபுவின் வேலையாள். புரட்சி சமயத்தில் எஜமானரோட நாட்டை விட்டு ஓடும்போது, துரத்தினவங்களுக்குப் பயந்து தங்கமும் வைரமும் இருந்த பெட்டியை உங்க ஊர்ப் பக்கம் தண்ணியில் போட்டுட்டோம். அதை எடுக்கத் திரும்பி வந்தேன், பிடிச்சு உள்ளே போட்டுட்டாங்க. கொஞ்சம் பணம் அனுப்பினா, பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்றேன்.

யாருக்கு எழுதுவாங்க? பழைய ராஜா காலத்து மேல பாசம் மிச்சமிருக்கும் பணக்காரங்களா விசாரிச்சு, பட்டியல் போட்டு வச்சுக்கிட்டு எழுதுவாங்க. இன்னிக்கு நம்ம போன் நம்பரை விலைக்கு விக்கிறாங்களே, அதே சமாச்சாரம்தான். நூறு கடிதம் போட்டா இருபதுக்குப் பதில் வந்துடும்ங்கிறார் விடோக். பாரிஸ் துணி வியாபாரி ஒருத்தர், வைரம் கிடைக்கும்னு பான் நெஃப் பாலத்து வளைவுக்கு அடியில் தோண்டிக்கிட்டிருந்து மாட்டினாராம்! சிரிப்பா வந்தாலும், அந்த மனுஷன் வீட்டுக்குப் போய் பெண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பார்னு நினைச்சா பாவமாத்தான் இருக்கு.

அதே கதை ஸ்பெயினுக்குப் போய் 'ஸ்பானிஷ் கைதி' ஆச்சு. 1898-லேயே நியூயார்க் டைம்ஸ் இதைப் பழம்பெரும் மோசடின்னு எழுதியிருக்கு. 1980-களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும் கிளம்பி, அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ம் பிரிவால் '419'னு பேர் வாங்கிடுச்சு. படிக்காத பாமரன்தான் ஏமாறுவான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 1995-98ல் எம்மானுவேல் நுவுடே, நைஜீரிய மத்திய வங்கி கவர்னர்னு வேஷம் போட்டு, அபுஜாவில் கட்டாத விமான நிலையத்துக்காக ஒரு பிரேசில் வங்கியிடமிருந்து 242 மில்லியன் டாலர் கறந்தார். ஏமாந்தது வங்கியின் உயரதிகாரி!

அந்த மின்னஞ்சல்களில் ஏன் அவ்வளவு அபத்தம்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். சந்தேகப்படுறவன் முதல் வரியிலேயே கழன்டுக்கணும், மிஞ்சுறவன்கிட்ட மட்டும் நேரம் செலவழிச்சாப் போதும். வடிகட்டி!

இப்போ ஆசைக்குப் பதிலா பயம். 'டிஜிட்டல் கைது'ன்னு வீடியோ காலில் போலீஸ் உடுப்போட மிரட்டுறாங்க. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாதுன்னு 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியதாப் போச்சு. மிரட்டுறவன் எல்லாம் சொகுசா உட்கார்ந்திருக்கான்னும் சொல்ல முடியாது. 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலைன்னு நம்பிப் போன நம்ம ஊர்ப் பசங்க மியான்மரில் அடைச்சு வைக்கப்பட்டு, இந்த மோசடி வேலையைச் செய்யச் சொல்லி அடிவாங்கினாங்க. பிசேத்ர் கைதியாவது தன் பைக்காக எழுதினான்.

அன்னைக்கும் இன்னைக்கும் மாறாத ஒரே வரி, 'யாரிடமும் சொல்லாதே'. பணம் போனப்புறம் வெட்கத்தில் நாமளே அதைக் கடைப்பிடிக்கிறோம். 1930-க்கு உடனே போன் பண்ணினா, பணம் கை மாறிப் போறதுக்குள்ள முடக்க வழி இருக்கு. வீட்டுப் பெரியவங்க போனில் அந்த நம்பரைப் போட்டு வையுங்க. ஏமாந்துட்டேன்னு அவங்க வந்து சொன்னா, முதல்ல திட்டாதீங்க.