நாற்காலியை விட்டவர்கள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா, 1949-ல் சென்னை மாகாணத்தின் முதல்வர் ஆனார். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல்வரே தோற்றுப்போனார்!

அதே தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் காமராஜர் ஜெயித்தார். ஆக, 'மக்களுக்குக் கட்சி மேல்தான் கோபம்' என்று சொல்லி ராஜாவால் தப்பிக்க முடியாது. அவர் நாற்காலியை விட்டு இறங்கினார், ராஜாஜி வந்தார். தன்னைக் காந்தியின் தொண்டர் என்று வாயால் சொல்வதோடு ராஜா நிற்கவில்லை. ராஜபாளையத்தில் தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்!

அடுத்த பாடம் காமராஜருக்கு. 1962-ல் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்ததும், கட்சி மக்களைவிட்டு விலகுகிறது என்பது அவருக்கு உறைத்தது. அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. 1963 அக்டோபர் 2-ல் முதல்வர் பதவியையே உதறினார். 'கே பிளான்'படி அவரோடு சேர்த்து ஆறு முதல்வர்கள், ஆறு மத்திய அமைச்சர்கள் பதவி விலகினார்கள். நாடே அசந்துபோனது!

ஆனால், 1967-ல் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியே போனது. விருதுநகரில் காமராஜரும் தோற்றார்.

மேலே நாற்காலிகள் காலியானதை மக்கள் பார்த்தார்கள். தெருவில் அரிசிக்கு அலைந்தபோது, அந்த மாற்றம் அவர்கள் கண்ணில் படவில்லை. தலைவருக்கு உறைத்தால் மட்டும் போதுமா, சொல்லுங்கள்... அது வார்டு செயலாளர் வரை இறங்க வேண்டாமா?