சட்டவிரோதக் குடியேற்ற விவாதத்தில் விநோதக் கூட்டணிகள் (அமெரிக்கா)

மற்ற எல்லாவற்றிலும் எதிரும் புதிருமாக நிற்பவர்கள், சட்டவிரோதக் குடியேற்றம் என்று வந்தால் ஒரே அணியில் சேர்ந்துகொள்வது அமெரிக்க அரசியலில் பழகிப்போன காட்சி. முதலாளிகளுக்குக் குறைந்த கூலியில் ஆள் வேண்டும். வந்தவர்களைத் துரத்தக்கூடாது என்கின்றன தேவாலயங்களும் உரிமை அமைப்புகளும். காரணம் வேறு, கோரிக்கை ஒன்று. மறுபக்கத்தில், கூலி விழுந்துவிடும் என்று அஞ்சும் தொழிற்சங்கத்தாரும் பண்பாடு மாறிவிடும் என்று அஞ்சும் பழமைவாதிகளும் கைகோத்தனர். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டும் இதில் உள்ளுக்குள்ளேயே பிளந்து கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

விவசாயத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸ் மெக்சிக வம்சாவளியினர். ஆனாலும் கலிபோர்னியப் பண்ணைகளில் வேலைநிறுத்தத்தை உடைக்க எல்லைக்கு அப்பாலிருந்து ஆட்கள் இறக்கப்பட்டபோது, ஆவணமற்றவர்களைப் பிடித்து வெளியேற்றும்படி அரசை நெருக்கினார். 1974இல் அவரது சங்கம் அதற்கென்றே ஓர் இயக்கம் நடத்தியது. சொந்தச் சமூகத்தின் உரிமை அமைப்புகள் கடுமையாகக் கண்டித்த பிறகு, ஆவணமற்றோருக்கான பொதுமன்னிப்பை ஆதரிக்கும் பக்கம் நகர்ந்தார்.

குடியரசுக் கட்சியின் ஆலன் சிம்ப்சனும் ஜனநாயகக் கட்சியின் ரொமானோ மசோலியும் முன்னெடுத்த சீர்திருத்தச் சட்டத்தில் 1986 நவம்பர் 6 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். அதன்படி ஆவணமின்றி இருந்த சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வக் குடியிருப்பு பெற்றனர். ஆவணமற்றோரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்ற பிரிவை ஏ.எஃப்.எல்.–சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆதரித்தது. ஹிஸ்பானிய அமைப்புகள் எதிர்த்தன: தண்டனைக்குப் பயந்து, பார்வைக்கு லத்தீன் அமெரிக்கராகத் தெரியும் எவரையும் முதலாளிகள் ஒதுக்குவார்கள் என்பது அவற்றின் வாதம். 2000இல் அதே கூட்டமைப்பு, அதே பிரிவை நீக்கக் கோரியது. புதிய உறுப்பினர்கள் குடியேறிகளிடையேதான் கிடைப்பார்கள் என்று சங்கங்கள் கண்டுகொண்டிருந்தன.

அரிசோனா வழக்கு இன்னும் சுவாரசியமானது. ஆவணமற்றோரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் நிறுவனத்தின் உரிமத்தைப் பறிக்கும் மாநிலச் சட்டத்தில் 2007இல் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நபோலிட்டானோ. முதலாளிகளின் அமைப்பான அமெரிக்க வர்த்தக சபையும் குடியேறிகள் உரிமை அமைப்புகளும் நீதிமன்றம் சென்றன. ஒபாமா அரசும் சட்டத்துக்கு எதிராகவே வாதிட்டது. அப்போது அந்த அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் இதே நபோலிட்டானோ. 2011இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் சட்டத்தைச் செல்லுபடியாக்கியது.

தடுப்பதற்குச் சேரும் கூட்டணிதான் வலுவானது என்பதை 2007 செனட் காட்டியது. ஆவணமற்றோருக்குக் குடியுரிமைப் பாதை, முதலாளிகளுக்குத் தற்காலிகத் தொழிலாளர் திட்டம் என்று இரண்டையும் முடிச்சுப் போட்ட மசோதா ஒன்று அங்கே விவாதத்துக்கு வந்தது. குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷும் ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியும் ஒருசேர ஆதரித்தனர். தொழிலாளர் திட்டத்தை 5 ஆண்டில் முடித்துவிடும் திருத்தத்தை, கூலியைக் காக்கவென்று ஜனநாயகக் கட்சி செனட்டர் பைரன் டோர்கன் கொண்டுவந்தார். மே மாதம் அது ஒரே வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. ஜூனில் அதே திருத்தம் 49–48 என வென்றது. மே மாதம் எதிர்த்து வாக்களித்த பழமைவாதி ஜிம் டெமின்ட் இம்முறை ஆதரித்தார். அவருக்குத் தொழிலாளர் நலனில் திடீர் அக்கறை வந்துவிடவில்லை. திட்டம் போனால் முதலாளிகளின் ஆதரவு போகும், மசோதா சாகும் என்பதே கணக்கு. ஜூன் 28 அன்று விவாதத்தை முடித்து வைக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன. 46 மட்டுமே கிடைத்தன. எதிர்த்தவர்களில் இடதுசாரியான பெர்னி சாண்டர்சும் இருந்தார்.

2013இல் வர்த்தக சபையும் ஏ.எஃப்.எல்.–சி.ஐ.ஓ.வும் தற்காலிகத் தொழிலாளர் விசா குறித்து முன்கூட்டியே உடன்பாடு கண்டன. செனட்டில் அவ்வாண்டின் குடியேற்றச் சீர்திருத்த மசோதா 68–32 என நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜான் போனர் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. சபையின் பதவிக்காலத்தோடு அது காலாவதியானது.