சிறுமலையில் ஒரு டீக்கடை

"இருட்டுறதுக்குள்ள கீழே இறங்கிடணும். அதுக்குச் சம்மதம்னா நானும் வர்றேன்" என்றாள் அத்தை.

குழந்தைகள் சிரித்தார்கள். சிறுமலை என்ன இமயமலையா? திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள்; வளைவுக்கு வளைவு தார் ரோடு; மேலே வீடுகள், கடைகள், பணம் உள்ளவர்கள் தங்குவதற்கு விடுதிகள்கூட உண்டு. இருந்தும் எங்கள் குடும்பத்தில் யாரும் ஓர் இரவுகூட அங்கே தங்கியதில்லை. காலையில் போவது, மாலையில் திரும்புவது. இந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அமல் செய்வதற்கு எழுபத்தெட்டு வயதில் அத்தை ஒருத்திதான் மிச்சம்.

சட்டத்துக்குக் காரணம் என் தாத்தாவின் தம்பி. அத்தை பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், சிறுமலையில் யாரோ ஒருவருடைய வாழைத் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போனார். சம்பளம் நல்ல சம்பளம். ஐப்பசியில் போனவர் தையில் திரும்பினார். நடந்து திரும்பவில்லை, கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் உதறி எடுக்குமாம். நான்கு கம்பளி போட்டு, அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்கினாலும் கட்டில் ஆடுமாம். மாசி பிறக்கும்போது அவர் இல்லை. வயது இருபத்திரண்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள்.

"மலைக் காய்ச்சல்" என்பார்கள். திண்டுக்கல் சீமையில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதை என் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

திண்டுக்கல்காரர்களுக்கு மலை புதிதல்ல. ஊருக்குள்ளேயே ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் 1605-ல் மதுரை முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டினார். 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக இங்கே வந்து உட்கார்ந்தான். மைசூர் சிம்மாசனத்துக்கு அவன் ஏறிய படிகளில் இந்தப் பாறையும் ஒரு படி. 1790-ல் கும்பினிப் படை பிடித்தது, 1792 உடன்படிக்கையில் சீமை முழுவதும் வெள்ளைக்காரன் வசமாயிற்று. கோட்டைமேல் நின்று பார்த்தால் மேற்கே பழனி மலைத் தொடர், தென்கிழக்கே சிறுமலை. இடையில் சமவெளி, புழுதி, வெயில். அந்த வெயிலில் நிற்கிற எவனுக்கும் அந்த நீலத்தைப் பார்த்தால் நாக்கில் ஈரம் ஊறும். துரைமாருக்கும் ஊறியது. அதற்குப் பிறகு வருவோம்.

நாங்கள் பாதி வளைவுகள் வரை பஸ்ஸில் போனோம். நடுவழியில் இறக்கிவிடச் சொன்னபோது கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "டிக்கெட் மேலே வரைக்கும் வாங்கியிருக்கீங்களே, சார்?" என்றார். நடக்கப் போகிறோம் என்றேன். அத்தையைப் பார்த்தார். "பாட்டியுமா?" என்றார். அத்தை பதில் சொல்லாமல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டாள்.

ரோட்டை விட்டு நாங்கள் காட்டுக்குள் இறங்கவில்லை. அது வனத்துறையின் காடு, காட்டுமாடுகளின் வீடு. ரோட்டோரமாகவே நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் திண்டுக்கல் கொஞ்சம் சிறிதாயிற்று. கோட்டைப் பாறை முதலில் யானை மாதிரி இருந்தது, பிறகு எருமை, பிறகு யாரோ மறந்து விட்டுப் போன அம்மிக்கல். பெரியவன் வளைவுகளை எண்ணினான். சின்னவள் குரங்குகளை எண்ணினாள். என் மனைவி மிச்சமிருந்த தண்ணீர்ப் பாட்டில்களை எண்ணினாள். அத்தை எண்ணியது என்ன என்று எனக்குத் தெரியும். அடிக்கடி கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சூரியனைப் பார்த்தாள்.

மேலே போய்ச் சேர்வதற்குச் சற்று முன் எதிரே குதிரைகள் வந்தன. குதிரை என்றதும் சேதக் குதிரையை நினைத்துவிடாதீர்கள். மட்டக் குதிரை; முதுகில் இரண்டு பக்கமும் வாழைத் தார். ரோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தோட்டங்களுக்கு இன்றும் லாரி போகாது, குதிரைதான் போகும். எலுமிச்சை, பலா, வாழை எல்லாம் அதன் முதுகில்தான் ரோட்டுக்கு வருகின்றன. சமவெளியில் மாட்டுப் பொங்கல் கொண்டாடும்போது சிறுமலையில் குதிரைக்கும் பொங்கல் வைக்கிறார்கள். உழைக்கிற பிராணிக்கு மரியாதை, நியாயந்தானே?

இனிக் காய்ச்சலின் கதை.

1809 முதல் 1811 வரை மூன்று வருஷம் தென்சீமையை ஒரு கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய நான்கு சீமைகள். வரி கொடுக்கிற குடியானவன் செத்தால் கும்பினிக்கு நஷ்டமல்லவா? வைத்தியர்கள் கமிட்டி ஒன்றை நியமித்தார்கள். ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்ற மூவர். அவர்களுடைய அறிக்கை 1816-ல் லண்டனில் புத்தகமாகவே வந்தது; அதன் தலைப்பிலேயே நம்முடைய திண்டுக்கல்லின் பெயர் இருக்கிறது. அந்தக் காலத்து வைத்தியம் பழியைக் காற்றின்மேல் போட்டது. மழை நின்ற பிறகு ஈர மண்ணிலிருந்தும், அழுகும் தழையிலிருந்தும், அடர்ந்த காட்டிலிருந்தும் கிளம்பும் விஷ ஆவி! மலேரியா என்ற இத்தாலியப் பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். இருட்டுமுன் இறங்கிவிடு என்ற எங்கள் வீட்டுச் சட்டமும் அந்தக் கமிட்டியின் வைத்தியமும் ஏறக்குறைய ஒரே வகுப்பில் படித்தவைதாம்.

பிறகு அமெரிக்கப் பாதிரிகள் வந்தார்கள். 1834-ல் மதுரையில் மிஷன் தொடங்கியவர்களுக்கு நம் வெயிலும் காலராவும் பேதியும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வெடுக்க ஒரு குளிர்ந்த இடம் வேண்டும். கிட்டத்தில் இருந்தது சிறுமலை. அங்கேதான் முதலில் ஆரோக்கிய ஸ்தலம் அமைக்க முயன்றார்கள். இதைச் சொன்னால் கோடைக்கானலுக்குப் போய்ப் படகு விட்டுத் திரும்புகிறவர்களில் பலர் நம்பமாட்டார்கள், ஆனாலும் உண்மை. குளிர் இருந்தது, நீர் இருந்தது, காட்சி இருந்தது. காய்ச்சலும் இருந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே திரும்பினார்கள். 1845-ல் பழனி மலை உச்சியில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்கள் எழுந்தன. கோடைக்கானல் பிறந்தது. அங்கே 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். பள்ளிக்கூடம் வந்தது, வானிலைக்கூடம் வந்தது, நாளடைவில் தேனிலவுத் தம்பதிகளும் வந்தார்கள். இத்தனையும் சிறுமலைக்கு வந்திருக்க வேண்டியவை. ஒரு கொசு குறுக்கே நின்றது.

கொசுதான் என்பது 1845-ல் யாருக்கும் தெரியாது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்த பிறகுதான் காற்றின்மேல் இருந்த பழி நீங்கிற்று. அப்புறந்தான் மலைகளின் ஜாதகமும் புரிந்தது. காய்ச்சலின் கிருமி கொசுவின் உடம்புக்குள் முதிர்வதற்குச் சூடு வேண்டும். கோடைக்கானல் 7,000 அடி. அந்தக் குளிரில் கிருமி முதிராது, அதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துபோகும். சிறுமலையின் உயரம் அதில் பாதிக்குச் சற்று மேல். மனிதனுக்குப் போர்வை தேவைப்படுகிற குளிர். கிருமிக்கோ போர்வை வேண்டாத சூடு. தெளிந்த ஓடைகள் வேறு. மலைச்சாரலில் காய்ச்சலைப் பரப்புகிற கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நாம் அழகு என்று சொல்லும் மெதுவாக ஓடுகிற நீரோடைதான் பிடிக்கும். அது கடிப்பது இரவில். அந்தக் கொசுவுக்கும் எங்கள் குடும்பச் சட்டத்துக்கும் இருந்த ஒற்றுமையை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. காரணம் தப்பு, காரியம் சரி!

இப்படி யோசித்துக்கொண்டே கடைக்கு வந்து சேர்ந்தோம். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர், வாசலில் தொங்கும் வாழைத் தார். சிறுமலைப் பழத்தைத் தெரியாதவர்களுக்கு அதைப் பார்த்தால் பிடிக்காது. கனியக் கனியத் தோல் சுருங்கிக் கறுக்கும். தெரிந்தவர்கள் அந்தச் சுருக்கத்தைத்தான் தேடுவார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மலைவாழைதான். 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள். அதற்குள் முடிக்கொத்து நோய் வந்து பல தோட்டங்களைத் தின்றிருந்தது என்பது வேறு விஷயம். மனிதனுக்குக் கொசு என்றால் வாழைக்கு அசுவினி. அந்த நோயையும் பரப்புவது ஒரு பூச்சிதான்.

"காப்பி இருக்கா?" என்று கேட்டாள் அத்தை.

"டீதான் இருக்கு, அம்மா" என்றார் கடைக்காரர்.

சுற்றிலும் காப்பிச் செடி. கடையில் டீ! அத்தைக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் சரித்திரமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. காப்பி தானாக நம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. டீயை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் குடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். 1903-ல் ஏற்றுமதியாகும் தேயிலைக்குத் தீர்வை விதித்துச் சட்டம் செய்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். பழக்கம் பிடித்துக்கொண்டதும் காசு கேட்டார்கள். காப்பி கூடத்தில் தங்கிவிட்டது. டீ உழைக்கிறவன் இருக்கும் இடத்துக்கெல்லாம் நடந்தது. கடைசியில் குதிரைக்காரன் பின்னாலேயே மலையும் ஏறிவிட்டது.

ஆனால் டீக்கடை ஏறியது எப்போது சாத்தியமாயிற்று? கடை என்றால் விடியுமுன் பாய்லர் பற்ற வேண்டும். பற்ற வைப்பவன் இரவில் அங்கேயே படுத்திருக்க வேண்டும். சுதந்திரம் வந்த 1947-ல் நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று கணக்கிட்டார்கள். 1953-ல் தேசியத் திட்டம் தொடங்கி வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. மருந்தை அடித்தார்கள். 1965-ல் நோயாளிகள் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோது 1976-ல் அது 64 லட்சமாகத் திரும்பி வந்து நம் அசட்டையைச் சொல்லிக் காட்டிற்று. மறுபடி அடக்கினோம். தாத்தாவின் தம்பி மட்டும் பத்து வருஷம் கழித்துக் கணக்கு எழுதப் போயிருந்தால்? அந்தக் கேள்வியை அத்தைமுன் நான் கேட்கவில்லை.

கடைக்காரரின் தாயார் உள்ளேயிருந்து வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் வயது ஒன்றாகத்தான் இருக்கும். அத்தை கேட்டாள்: "இங்கே ராத்திரியெல்லாம் இருக்கிறீங்களே, காய்ச்சல் வராதா?"

"நான் பொறந்ததே இங்கதான். எங்க அம்மாவுக்கு எட்டுப் பேறு. நின்னது மூணு" என்றார் அந்த அம்மாள், பாலை எடுத்து வைக்கச் சொல்வதுபோல.

அத்தை ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சிறுமலையில் இரவு யாரும் தங்கமாட்டார்கள் என்று நாங்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். யாருமா? பளியர்கள் இருந்தார்கள். தோட்டக் கூலிகள் இருந்தார்கள். குதிரைக்காரர்கள் இருந்தார்கள். மலேரியாப் பிரதேசத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தைத் தாண்டிய உடம்பு அந்தக் கிருமியோடு ஒருவாறு சமாதானம் செய்துகொள்ளும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். சமாதானத்துக்குக் கப்பம் கட்டியது குழந்தைகள். லண்டனில் அச்சான அறிக்கையிலும் மிஷன் கடிதங்களிலும் நான் தேடிப் படித்ததெல்லாம் மலைக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் காய்ச்சலைத்தான். எங்கள் வீட்டுக் கதையும் அந்த ரகந்தான். ஒருவரைப் பறிகொடுத்து எண்பது வருஷம் அழுதோம். இந்த அம்மாளின் தாயார் ஐந்து பேரைப் பறிகொடுத்துவிட்டு, மறுநாள் வாழைத் தார் சுமக்கப் போயிருப்பார்.

டீ வந்தது. அத்தை கிளாஸைப் புடவைத் தலைப்பால் பிடித்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. பாதி குடித்ததும், "உங்களுக்கு?" என்று பக்கத்திலிருந்த அம்மாளைக் கேட்டாள். கடைக்குச் சொந்தக்காரிக்கே டீ வாங்கிக் கொடுத்த முதல் வாடிக்கைக்காரி அத்தையாகத்தான் இருக்க வேண்டும். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பிறகு இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கு முடிவேது? நாலரை மணி பஸ் வந்து, ஹாரன் அடித்து, போயும் விட்டது. குழந்தைகள் என்னைப் பார்த்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சூரியனைப் பார்க்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். கடைசி வளைவுகளுக்கு வரும்போது கீழே திண்டுக்கல்லில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. கோட்டைப் பாறை கண்ணுக்குத் தெரியவில்லை.

"அத்தை, இருட்டிப் போச்சே" என்றேன்.

"பேசாம உட்காரு. பழம் நசுங்குது" என்று மடியிலிருந்த சீப்பை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.